ஒரே ஆண்டு, இரு மகுடங்கள்
1994-ஆம் ஆண்டின் மிஸ் இந்தியா போட்டியில் சுஷ்மிதா சென் முதலிடமும் ஐஸ்வர்யா ராய் இரண்டாமிடமும் பெற்றனர். அதே ஆண்டில் முன்னவர் மணிலாவில் பிரபஞ்ச அழகியாகவும், பின்னவர் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் உலக அழகியாகவும் முடிசூடினர்.

மும்பை மாட்டுங்காவில் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கு ஐஸ்வர்யாவே நெருக்கமானவர். 1997-இல் மணிரத்னத்தின் 'இருவர்' வழியே திரைக்கு வந்த அவர், 'எந்திரன்', 'பொன்னியின் செல்வன்' எனத் தமிழுக்கு மீண்டும் மீண்டும் வந்தார். நந்தினியின் வஞ்சத்தையும் வலியையும் அவர் கண்களே பேசியதை என்னால் மறக்க இயலவில்லை.

சுஷ்மிதா தமிழில் நாயகியாக நடித்தது 'ரட்சகன்' மட்டுமே. ஆயினும், திருமணம் செய்துகொள்ளாமலேயே 2000-இல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்த அவரது துணிவை, எந்தத் திரைப்பாத்திரத்தையும்விட உயர்வாகவே நான் மதிக்கிறேன்.