மாசமா இருக்கும்போது வாங்கின சிபேப் மெஷின், ஒன்றரை வருஷ அனுபவம்

சிபேப்னா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போறவங்களுக்கு மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதைய திறந்து வைக்கிற மெஷின். அஞ்சாம் மாசத்துல எனக்கு குறட்டை ஆரம்பிச்சுது. மாசமா இருந்தா மூக்கு அடைக்கும், குறட்டை வரும், எல்லாம் சகஜம்னு அம்மா, அத்தை எல்லாருமே சொன்னாங்க, நானும் அப்படித்தான் விட்டுட்டேன், ஆனா காலைல எந்திரிச்சா தலை விண்ணு விண்ணுனு தெறிக்கும், பகல்ல பஸ்ல நின்னுக்கிட்டே கண்ணு சொருகும். ஒரு ராத்திரி வீட்டுக்காரர் பயந்துபோய் எழுப்பி, "மூச்சே நின்னுடுச்சுடி, அப்புறம் திணறி இழுக்குற"ன்னாரு. செக்கப்ல இத சொன்னேன், பிபியும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு, உடனே வீட்லயே பண்ற ஸ்லீப் டெஸ்ட் எழுதிட்டாங்க. ஏஹெச்ஐ 19. மணிக்கு சராசரியா 19 தடவ மூச்சு நிக்குது, இல்ல ரொம்ப குறையுது. 15 தாண்டினாலே மிதமான வகையாம்.

ஆட்டோ சிபேப் வாங்கினோம், தேவைக்கு ஏத்த மாதிரி காத்து அழுத்தத்த தானா கூட்டிக் குறைக்கிற மாடல். மெஷின் பரவால்ல, மாஸ்க் தான் படுத்திருச்சு. முதல்ல மூக்குக்குள்ள வைக்கிற சின்ன மாஸ்க் குடுத்தாங்க, எனக்கோ மூக்கு அடைப்பு, வாய் தானா திறந்து காத்தெல்லாம் அது வழியா போய் தொண்டை வறண்டு ராத்திரி ராத்திரி அழுதிருக்கேன். வாயும் மூக்கும் சேர்த்து மூடுற மாஸ்க்குக்கு மாறி, காத்த ஈரமாக்குற ஹியூமிடிஃபையர கூட்டி வச்ச பிறகுதான் முழு ராத்திரி தூக்கமே வந்துச்சு. இடது பக்கம் படுக்கிறதால ட்யூப் இழுக்கும், அத தலைமாட்டுக்கு மேல கட்டி விட்டுக்கோங்க.

ஆறாம் மாசம் மெஷினோட காத்து ப்ரஷர் 7 பக்கம் ஓடுச்சு, ஒன்பதாம் மாசம் 10 ஆயிடுச்சு. உடம்பு மாற மாற தேவையும் மாறுது, அதனால மாசமா இருக்கவங்க ஆட்டோ மாடலே கேளுங்க. காலைத் தலைவலி ஒரு வாரத்துல போச்சு. பிபி மாத்திரைய மட்டும் நிறுத்தல, மெஷின் அதுக்கு பதில் இல்ல.

சிசேரியனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த மூச்சுப் பிரச்சனைய மறக்காம சொல்லிடுங்க, ரொம்ப முக்கியம். சில வலி மருந்து மூச்ச இன்னும் மந்தமாக்கும். நான் மெஷினையும் எடுத்துட்டுப் போய் ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே மாட்டிக்கிட்டேன்.

குறைன்னா, குஷன் அஞ்சாறு மாசத்துல தளர்ந்து காத்து கசியுது, புதுசு வாங்கணும். கரண்ட் போனா நின்னுடும், இன்வெர்ட்டர் லைன்ல போட்டுட்டோம். ஹியூமிடிஃபையருக்கு தண்ணி டிஸ்டில்டு தான், குழாத்தண்ணி ஊத்தினா உப்பு படியுது.

குழந்தை பிறந்து நாலாம் மாசம் திரும்ப டெஸ்ட் பண்ணதுல ஏஹெச்ஐ 7 வந்துச்சு. குறைஞ்சிருக்கு, முழுசா போகல. இன்னும் மாட்டிக்கிட்டு தான் தூங்குறேன், அடுத்த டெஸ்ட் வர்ற மாசம்.