புகையை விட்ட பின் வந்த இருமல்: முப்பது மாத அனுபவம்

நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வீதம் 21 ஆண்டுகள் புகைத்துவந்த நான், 2022 மார்ச் 14ஆம் தேதி, என் 43ஆம் வயதில் அதை நிறுத்தினேன். இப்போது முப்பது மாதங்கள் நிறைந்துவிட்டன. நிறுத்துவதற்கு முன் நான் தேடிப் படித்தவை எல்லாம் புகைக்கும் ஏக்கத்தை எப்படித் தாங்குவது என்பதையே சொல்லின. விட்ட பிறகு நெஞ்சு என்ன பாடுபடும், எத்தனை நாள் படும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு மருத்துவர் பின்னர் அதை விளக்காமல் இருந்திருந்தால், ஏழாவது வாரத்தில் மறுபடியும் பழைய நிலைக்கே போயிருப்பேன். ஆகவே, இங்கே இருமலைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதல் மூன்று நாட்கள் கடினமானவை. தலைவலியும் எரிச்சலும் தூக்கமின்மையும் இருந்தன. இரண்டாவது வாரத்தில் வாயெல்லாம் புண் வந்தது. புகையை விடுபவர்களில் பலருக்கு இது வரும், சில வாரங்களில் ஆறிவிடும். சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், பிறகு அவர்களாகவே சில முறை அழைத்து விசாரித்தார்கள். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் மெல்லும் பசையை வாங்கி, முதலில் அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றதில் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சின. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று உறைக்கும்வரை மென்று, பிறகு கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, உறைப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். காபி குடித்த கையோடு அதை வாயில் போட்டால் மருந்து சரியாக உட்செல்லாது என்பதும் அப்போது தெரிந்ததே. பதினொரு வாரங்களில் அதையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது வாரத்தின் இறுதியில் இருமல் தொடங்கியது. புகைத்த காலத்திலும் காலையில் எழுந்ததும் நாலைந்து முறை இருமுவது உண்டு. என்னைச் சுற்றியிருந்தவர்களும் நானும் அதை ஒரு நோயாகவே எண்ணியதில்லை. இந்த இருமல் வேறு வகையாக இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டு, இருபது நிமிடம் வரை நிற்காமல் உலுக்கும். விலா எலும்புகளின் கீழ் வலிக்கும், கண்ணில் நீர் வழியும். கழுவுதொட்டியின் வெள்ளைப் பீங்கானில் விழுந்த கோழையை ஒரு நாள் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். பசை போலக் கெட்டியாக இருந்தது; அதற்குள் டிகாக்‌ஷன் வண்டல் போன்ற பழுப்புப் புள்ளிகளும், நூல் போன்ற கரிய இழைகளும் ஓடின. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. புகைத்த காலத்தில் இல்லாத ஒன்று விட்ட பிறகு வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். “சிகரெட்டை விட்டதிலேர்ந்துதாம்பா உனக்கு இந்த இருமலே” என்று அம்மாவே சொன்னார்கள். அவர்கள் கண்டதும் அதுதானே.

ஐந்தாவது வாரத்தில் நான் பார்த்த முதல் மருத்துவர், நான் புகைத்தவனா, எப்போது விட்டேன் என்று ஒரு வார்த்தையும் கேட்காமல், இருமலை அடக்கும் சிரப் ஒன்றை எழுதிக்கொடுத்தார். அதைக் குடித்த நான்கு நாட்களும் இருமல் குறைந்தது. ஆனால் சளி உள்ளேயே தங்கி, நெஞ்சு கட்டிக்கொண்டு, படுத்தால் கரகரவென்று சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் பழைய இருமல் இரட்டிப்பாகத் திரும்பியது. கேள்வி கேட்காமல் எழுதப்பட்ட அந்தச் சீட்டின் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பிறகு நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, என் இருமல் புகையை விட்டதால்தான் வருகிறது என்று தானாக முடிவு கட்டாமல் இருந்ததுதான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் நம் நாட்டில் காசநோய்ச் சோதனை செய்தாக வேண்டும் என்றும், புகைப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்றும் சொல்லி, அரசு மையத்தில் இலவசமாகச் செய்யப்படும் சளிப் பரிசோதனைக்கும், நெஞ்சு எக்ஸ்ரேவுக்கும் அனுப்பினார். இரண்டிலும் குறை எதுவும் இல்லை என்று வந்த பிறகே காரணத்தை விளக்கினார். மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் குற்றிழைகள் என்னும் நுண்மயிர்கள் உண்டு. நெற்பயிர் காற்றில் சாய்வதுபோல அவை ஒரே திசையில் அசைந்து, தூசியையும் கோழையையும் தொண்டைக்கு ஏற்றிவிடும். புகை அவற்றை முடக்கிப்போடுகிறது. பல இடங்களில் அழித்தும் விடுகிறது. புகை நின்றதும் அவை மீண்டும் முளைத்து வேலையைத் தொடங்கும்போது, தேங்கிக் கிடந்ததெல்லாம் மேலே வருகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலும், சிலருக்குப் பல மாதங்களிலும் அடங்கும் என்றார். சளியில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் வரச் சொன்னார். நிறையத் தண்ணீர், ஆவி பிடித்தல், இரவில் தலையைச் சற்று உயர்த்திப் படுத்தல் ஆகியவைதான் அவர் சொன்ன வைத்தியம். அம்மா வைத்துக் கொடுத்த கற்பூரவள்ளிக் கசாயத்தையும் குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது, அதற்கு மேல் அது என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவும் கேட்டறிந்த பிறகும் ஏழாவது வாரத்தில் தவறினேன். டீக்கடையில் இருமிக்கொண்டு நின்றவனிடம், உடன் வேலை செய்யும் நண்பர் நல்லெண்ணத்தோடுதான், “அண்ணே, ஒன்னு இழுங்க, சளி எளகிடும்” என்று நீட்டினார். பாதி சிகரெட் புகைத்தேன். அன்றிரவு இருமல் வரவேயில்லை. பலர் மீண்டும் புகைக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இருமல் நின்றது நெஞ்சு சுத்தமானதால் என்று உடம்பு நம்பிவிடுகிறது. உண்மையில், அப்போதுதான் விழித்துக்கொண்ட குற்றிழைகளைப் புகை மறுபடி மயக்கியிருக்கிறது. மருத்துவர் சொன்னது நினைவில் இருந்ததால்தான் மறுநாள் இன்னொன்றைப் பற்றவைக்காமல் தப்பினேன். இரண்டாம் நாள் இருமல் திரும்பியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் கண்டு ஆறுதல் அடைந்தேன்.

மூன்றாம் மாதத்தில் பழுப்பு நிறம் மறைந்து கோழை வெளுத்தது. ஐந்தாம் மாதத்தில் நீர்த்து, காலையில் இரண்டு மூன்று இருமலோடு நின்றது. ஏழாம் மாதத்துக்குப் பின் மார்கழிப் பனியில் மட்டுமே வருகிறது.

மற்ற மாற்றங்கள் சீரான வரிசையில் வரவில்லை. முதலில் மீண்டது மூக்கு. ஒரு மாதம் ஆனபோது, அலமாரியில் மடித்து வைத்திருந்த பழைய ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்தேன். துவைத்து வைத்த துணியிலும் அணைந்த சாம்பலின் புளித்த வாடை இருந்தது. இத்தனை ஆண்டுகள் என் மனைவியும் பிள்ளைகளும் இந்த வாடையோடுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணியபோது அழுகை வந்தது. காபி விஷயம் எதிர்பாராதது. வழக்கமான நான்கு வேளை ஃபில்டர் காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் தந்தது. புகையிலைப் புகை கல்லீரலைத் தூண்டி காஃபீனை விரைந்து சிதைக்கச் செய்கிறது என்பதும், புகை நின்றதும் அதே அளவு காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கிவிடுகிறது என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. இரண்டு வேளையாகக் குறைத்த வாரத்திலேயே படபடப்பு போய்விட்டது. அதுவரை அதையும் சிகரெட் ஏக்கம் என்றே நினைத்திருந்தேன். எடை எட்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறியது. நடைப்பயிற்சியால் மூன்று கிலோ இறங்கியது, மீதி அப்படியே இருக்கிறது.

மூச்சு எவ்வளவு மீண்டது என்பதைத் திருச்சி மலைக்கோட்டைப் படிகளில்தான் அளந்துவருகிறேன். விடுவதற்கு முந்தைய மாதம், கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு ஏறத் தொடங்கி, தாயுமானவர் சன்னிதியை எட்டுவதற்குள்ளேயே இரண்டு முறையும், அங்கிருந்து உச்சிப் பிள்ளையாரை எட்டுவதற்குள் மூன்று முறையும் உட்கார்ந்தேன். ஐந்தாம் மாதம் மொத்தமே மூன்று முறை. பதினான்காம் மாதம் ஒரே ஒரு முறை, அதுவும் நின்றபடியே. இரண்டு ஆண்டு முடிந்த வாரத்தில் உட்காராமல் ஏறி, மேலே காவிரிப் பக்கம் திரும்பி நின்று, வாயை மூடி மூக்காலேயே மூச்சு விட முடிந்தது.

குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனை இவ்வளவு தாராளமாகச் சொல்லவில்லை. என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில், முதல் நொடியில் ஊதும் காற்று விட்ட புதிதில் 74 சதவீதம். ஓராண்டுக்குப் பின் 78. இரண்டாம் ஆண்டும் அதே 78. இழந்துவிட்ட நுரையீரல் திசு திரும்ப முளைக்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். வயது ஏற ஏற அந்த அளவு எல்லோருக்கும் ஆண்டுக்குச் சிறிது குறையும். புகைப்பவர்கள் பலருக்கு அது ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் குறையும். விட்டுவிட்டால் அந்த வேகம் மற்றவர்களின் வேகத்துக்கு அருகே வந்துவிடும் என்றார். இதைக் கேட்டபோது முதலில் மனம் உடைந்தது. பத்தாண்டு முன்னால் விட்டிருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இப்போது இன்ஹேலர் எதுவும் இல்லை. ஆண்டுக்கொரு முறை ஊதும் சோதனை மட்டும் உண்டு. அன்று டீக்கடையில் சிகரெட்டை நீட்டிய நண்பர் போன ஆடியில் புகையை விட்டார். மூன்றாம் வாரம் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, சளி பழுப்பாக வருகிறது, பயமாக இருக்கிறது என்றார். இரண்டு வாரமாக இருமினால் முதலில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று சொல்லி, மறுநாள் காலை நானே கூட்டிப்போனேன்.