ஏழு வருடமாக சென்சாரை நானே சுத்தம் செய்கிறேன்: மன்னார்குடியிலிருந்து ஓர் அனுபவம்

நிக்கான் டி7200 கேமரா வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கூடவே வந்த 18-140 மி.மீ. லென்ஸ், அப்புறம் பறவைக்காகக் காசு சேர்த்து வாங்கிய 200-500 மி.மீ. லென்ஸ். கடைசி ஏழு வருடமாக அதன் சென்சாரை, அதாவது உள்ளே படம் பதியும் தகட்டை, நான்தான் சுத்தம் செய்கிறேன். ப்ளோயர் (கையால் அழுத்திக் காற்று ஊதும் குமிழ்) அடித்ததற்குக் கணக்கு இல்லை. ஈர ஸ்வாப் (திரவம் விட்டுத் துடைக்கும் பட்டை முனைக் குச்சி) போட்டதை மட்டும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், 11 தடவை. அதில் நாலு தடவை தேவையே இல்லாமல் போட்டது என்று இப்போது பார்த்தால் தெரிகிறது.

முதலில் இதைத் தொடவே பயந்தேன். வடுவூர் ஏரியில் நத்தைகுத்தி நாரை பறப்பதை எடுத்துவிட்டு வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டால் வானத்தில் சாம்பல் நிறத்தில் ஏழெட்டுப் புள்ளி, எல்லாப் படத்திலும் அதே இடத்தில். வெளியூரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். முகூர்த்த மாதத்தில் மூன்று வாரம் கேமரா கையில் இல்லை, திரும்பி வந்தபோது பழைய புள்ளிகள் போய் புதிதாக ஒரு பஞ்சு இழை படத்தின் ஓரத்தில் படுத்திருந்தது. அன்றைக்குத்தான் ப்ளோயர் ஆர்டர் போட்டேன்.

தொடங்குகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் துடைப்பது சென்சாரை அல்ல, அதன் மேல் ஒட்டியிருக்கும் வடிகட்டிக் கண்ணாடியை. தூசு உட்காருவதும் அதன் மேல்தான். அதனால் தொட்டவுடன் எல்லாம் பாழாகிவிடாது, ஆனால் மணல் துகள் இருக்கும்போது மேலே துடைப்பை இழுத்தால் கீறல் நிச்சயம், அந்தக் கீறலை யாராலும் துடைத்து எடுக்க முடியாது. கேமராவோடு வரும் கையேடு ப்ளோயரோடு நின்றுவிடச் சொல்கிறது, மிச்சத்தை அவர்களுடைய சர்வீஸ் ஆட்களிடம் விடச் சொல்கிறது. நான் அதைத் தாண்டிப் போனது தெரிந்தே எடுத்த முடிவு. வாரன்ட்டி இருக்கிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

சோதனை சுலபம். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் (லென்ஸின் உள்ளே ஒளி வரும் துவாரம்) எஃப்/22, எண் பெருத்தால் துவாரம் சிறுக்கும், ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள், கை கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை. அபர்ச்சர் சிறுக்கச் சிறுக்கத் தூசின் நிழல் கூர்மையாக விழும், எஃப்/2.8-இல் அதே தூசு கண்ணுக்கே தெரியாது. வியூஃபைண்டரில் தெரியும் புள்ளிக்குப் பயப்படாதீர்கள், அது படத்தில் வராது. கேமராவின் வாய் (லென்ஸ் மாட்டும் துளை) உங்களைப் பார்க்கும்படி நேராக வைத்தால், படத்தில் மேலே இருக்கும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும், இடம் வலம் மாறாது. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்கத் தப்பான மூலையையே ஊதிக்கொண்டிருந்தேன்.

இனி நம் ஊர் விஷயம். இங்கே சென்சாரில் என்ன ஒட்டியிருக்கும் என்பது வயலில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. தையில் சம்பா அறுவடை தொடங்கினால் மாசி வரைக்கும் மிஷின் ஓடும் இடமெல்லாம் சுனையும் (நெல்லில் இருக்கும் அரிக்கும் முடி) பதர்த்தூளும்தான். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைத் தூற்றும்போது பத்து நிமிடம் நின்றால் சட்டைக்குள் அரிக்கும், அதே சுனை ஜூம் லென்ஸை நீட்டி மடக்கும்போது காற்றோடு உள்ளே போகிறது. படத்தில் பார்த்தால் வட்டப் புள்ளியாக இருக்காது, மெல்லிய முள் மாதிரி நீளமாக இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது காய்ந்த தூசு, ப்ளோயருக்கே போய்விடும். நான் வீணாகப் போட்ட நாலு ஸ்வாப்பும் இந்த மாதங்களில் அவசரப்பட்டுப் போட்டவைதான். ஐப்பசி கார்த்திகையில் கதை வேறு. தூசு குறைவு, ஆனால் காற்றில் ஈரம் இருப்பதால் ஒட்டியது ஒட்டியதுதான், ஊதினால் அசையாது. ஸ்வாப் உண்மையாகவே தேவைப்பட்டது பெரும்பாலும் அடைமழைக்குப் பிறகுதான்.

ப்ளோயர் என்றால் ரப்பர் ப்ளோயர், முனையில் ப்ரஷ் இல்லாதது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் காற்று வேண்டாம், அதிலிருக்கும் திரவம் தெறித்துக் கண்ணாடியில் உறைந்து நிற்கும். வாயால் ஊதுவது அதைவிட மோசம், எச்சில் பட்ட இடத்துக்கு ஈரத் துடைப்பு தவிர வழி இல்லை. முதல் பத்து அழுத்தை வெளியே விட்டுவிட்டு, கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, முனையை உள்ளே நுழைக்காமல் கீழிருந்து மேலே அடிப்பேன். நிக்கானில் சென்சாரை மறைத்து நிற்கும் மிரரைத் தூக்கி நிறுத்த மெனுவில் தனி வசதி இருக்கிறது. பேட்டரி முழுக்க ஏற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும், நடுவில் குறைந்தால் கேமரா பீப் அடிக்கும், ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் மிரர் தானாக இறங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் எதுவாக இருந்தாலும் கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

இடம் நேரம் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வெற்றி அதில்தான். விடியற்காலையில், தரையைக் கழுவி ஈரம் காய்ந்த அறையில், ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்வேன். ஃபேன் இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்தே நிமிடத்தில் நெற்றி வேர்வை சொட்டும், அதனால் நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வேன். வீட்டில் சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமை சென்சார் பக்கமே போவதில்லை.

ஸ்வாப் விஷயத்துக்கு வருகிறேன். என் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. அதற்கு 16 மி.மீ. அகல ஸ்வாப் சரியாகப் பொருந்தும், ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சாருக்கு 24 மி.மீ. வாங்க வேண்டும். திரவம் மெத்தனால் வகை. அது விஷம், தீயும் பிடிக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், சாமி விளக்குக்குத் தூரமாக வையுங்கள். முனையில் இரண்டே சொட்டு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பு, திருப்பி மறு பக்கத்தால் எதிர்த்திசையில் ஓர் இழுப்பு, முடிந்தது, ஸ்வாப் குப்பைக்கு. இன்னும் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அதையே மறுபடி போடாதீர்கள். அழுத்தம் பேனாவால் எழுதும் அளவுக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு முறை நாலு சொட்டு விட்டேன், காய்ந்த இடத்தில் வட்டக் கறை தங்கியது, அதை எடுக்க இன்னும் இரண்டு ஸ்வாப் போனது.

பெரிய பாடம் எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் கிடைத்தது. வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபால சுவாமி வெண்ணெய்க் குடத்துக் கண்ணனாக வீதி வருவார், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வெண்ணெயை வீசுவார்கள். என் தலை, தோள், விரல் எல்லாம் வெண்ணெய். அந்தக் கையோடு லென்ஸ் மாற்றினேன். மறுநாள் சோதனைப் படத்தில் சென்சார் சுத்தமாகத்தான் இருந்தது, ஒரு தூசு தவிர. அந்த ஒன்றுக்காக ஸ்வாப்பை உள்ளே விட்டபோது முனை வாயின் விளிம்பில் உரசி, அங்கே பிசுபிசுத்திருந்த வெண்ணெயை எடுத்துக்கொண்டு போய் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. மூன்று ஸ்வாப், ஒரு முழுக் காலை. அதிலிருந்து முதலில் வாயின் உலோக வளையத்தைத் தனித் துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே பார்ப்பேன். திருவிழாவுக்கு இப்போது ஒரே லென்ஸ்தான், நடுவில் கழற்றுவதே இல்லை.

ஒன்றிரண்டு புள்ளிக்கு இப்போதெல்லாம் நான் எதுவுமே செய்வதில்லை. கல்யாணப் படங்களை எஃப்/4, எஃப்/5.6-இல் எடுக்கிறேன், அங்கே அது தெரியாது. வானம் வரும் படத்தில் தெரிந்தால் கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கு.

போன மாதம் தம்பி மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத கேமரா) வாங்கியிருக்கிறான், அதையும் துடைத்துத் தரச் சொல்கிறான். அதில் சென்சார் லென்ஸ் வாய்க்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, கை ஆட்டத்தைச் சமாளிக்க சென்சாரே மிதக்கிற மாதிரி அமைப்பு வேறு. ஸ்வாப்பை வைத்தால் லேசாக நகரும் என்பதால் என் கை இன்னும் துணியவில்லை. இப்போதைக்கு அவன் கேமராவுக்கு ப்ளோயர் மட்டும்தான்.