நெல்லிக்குப்பம் சாலைக் கல்வெட்டுப் பட்டறை: ஒரு மதிப்புரை

கடலூரில் கல்வெட்டு வேண்டுமென்றால் பெரும்பாலோர் முதலில் போவது ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளுக்குத்தான். அங்கேயும் கிரானைட் பலகையில் எழுத்து வெட்டித் தருவார்கள். ஆனால் அது திறப்பு விழாக்களுக்கென்றே பழகிப்போன வேலை. தலைமை தாங்கியவர் பெயர் பெரிதாகத் தெரிந்தால் போதும், இரண்டு மழைக்குப் பின் எழுத்து உதிர்ந்தாலும் கேட்பாரில்லை. எங்கள் குடியிருப்புப் படிப்பகத்தின் முன்சுவரில் பதிக்க வேண்டியிருந்ததோ போரில் இறந்த நால்வருக்கான நினைவுக்கல். ஆகவே சற்று விசாரித்து, நெல்லிக்குப்பம் சாலையில் தனக்கென ஒரு பெயர்ப்பலகைகூட வைத்துக்கொள்ளாத சிறிய பட்டறை ஒன்றில் வேலையைக் கொடுத்தோம்.

கல்லில் வர வேண்டிய செய்தி சுருக்கமானது. கார்கில் போரில் விமானப்படை தன் சஃபேத் சாகர் நடவடிக்கையை 1999 மே 26 அன்று தொடங்கியது. மே 28 அன்று, டோலோலிங் மலைப்பகுதியில் எதிரிகளின் நிலைகளைத் தாக்கச் சென்ற எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களில் ஒன்று, தோளில் வைத்து ஏவப்படும் ஸ்டிங்கர் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃப்ளைட் லெஃப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு ஆகிய நால்வரும் உயிரிழந்தனர். வெப்பத்தை நாடி வரும் ஏவுகணையை ஏமாற்றித் திசைதிருப்புகிற தீப்பொறிகளை வீசும் கருவி அந்த ஹெலிகாப்டரில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. இந்த இழப்புக்குப் பிறகு ஹெலிகாப்டர்கள் தாக்குதல் பணியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. டோலோலிங் சிகரத்தைத் தரைப்படை ஜூன் 13 அன்று மீட்டது.

நால்வரில் முகிலன் தமிழர் என்பதால் அவர் பெயரை மேலே, பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று எங்கள் குழுவில் பலர் விரும்பினர். வாசகத்தை வாங்கிப் படித்த பட்டறை மேஸ்திரி, வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதற்கு முன், "எல்லாரும் ஒரே வண்டியில போனவங்கதானே சார், இதுல எழுத்து மட்டும் ஏன் சின்னது பெருசு?" என்று கேட்டார். புது தில்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கற்களில் ஒரே சீராகப் பொறிக்கப்பட்டிருப்பதை எங்களில் ஒருவர் அப்போதுதான் நினைவுபடுத்தினார். பதவி வரிசைப்படி, ஒரே அளவில் நான்கு வரிகள் என்று முடிவாயிற்று. கேட்டதை அப்படியே வெட்டித் தந்து காசை வாங்கிக்கொள்ளும் கடைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பட்டறையின் மீது மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

கல் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருங்கல். மெருகு ஏற்றிய முகம் கண்ணாடி போலிருக்கும். பித்தளைத் தகடு வைக்கலாமா என்று கேட்டதற்கு, கடலோர உப்புக்காற்றில் அது பச்சைக் களிம்பு பிடிக்கும், மாதந்தோறும் துலக்க ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள் என்று பதில் வந்தது. பித்தளை வேலையும் செய்கிற ஒருவர் இப்படிச் சொல்வது அரிது.

எழுத்து வெட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தரம் தெரிவது அதில்தான். வாசகத்தைக் கணினியில் அமைத்து, ரப்பர் ஸ்டிக்கரில் எழுத்துருவை வெட்டி, கல்லின் மீது ஒட்டி, எழுத்தின் பகுதியை மட்டும் உரித்தெடுத்துவிட்டு, அழுத்தக் காற்றில் மணலை வீசிக் குழிப்பது இன்று எல்லாரும் செய்வது. தமிழுக்கு இதில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. வகரத்தின் சுழிக்குள் தீவு போல் நிற்கும் ஸ்டிக்கர் துணுக்கு மணல் வேகத்தில் பறந்துவிட்டால் அந்தச் சுழி அடைந்து குழியாகிவிடும். மெய்யெழுத்துப் புள்ளிகளோ சிறிய துளைகள் என்பதால் மணல் அவற்றில் ஆழமாக இறங்குவதில்லை. பார்வைக்குச் சரியாக இருக்கும், வண்ணம் உரிந்ததும் புள்ளியே காணாமற்போய்விடும். "ஃப்ளைட் லெஃப்டினன்ட்" என்ற இரண்டே சொற்களில் எத்தனை புள்ளிகள், எத்தனை ஆய்தம் என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பட்டறையில் மணல் வேலை முடிந்த பின், புள்ளி ஒவ்வொன்றையும் சிற்றுளியால் கையாலேயே ஆழப்படுத்துகிறார்கள். விரல் நுனியை வைத்துத் தடவினால், கோட்டின் ஆழமும் புள்ளியின் ஆழமும் ஒன்றாக இருப்பது தெரிகிறது.

வெட்டுவதற்கு முன் வாசகத்தை முழு அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, வாடிக்கையாளரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார்கள்; மேஸ்திரி மூலத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறார். கையொப்பமிட்ட பிறகே கல் மேசை ஏறும்.

அவர்கள் சறுக்கியது படத்தில். கல்லின் மேல்மூலையில் ஹெலிகாப்டரின் கோட்டோவியம் ஒன்று கேட்டிருந்தோம். முதலில் வந்தது ஏதோ ஓர் அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டர். திருப்பி அனுப்பியதும் எம்.ஐ.-17 வடிவத்தையே வரைந்தார்கள், ஐந்து இறக்கைகளும் சரியாக இருந்தன. ஆனால் மூக்கு எழுத்துகளைப் பார்த்து இருந்தால் அழகாக இருக்கும் என்று கணினிப் பையன் படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டார். எங்கள் குழுவில் இருந்த விமானப்படை ஓய்வூதியர் பார்த்தவுடனே, இது எம்.ஐ.-8 என்றார். பழைய எம்.ஐ.-8 வகைக்கு வால் சுழலி வலப்புறம், எம்.ஐ.-17 வகைக்கு இடப்புறம். படத்தைப் புரட்டியதில் வண்டியே மாறிவிட்டது. முகம் சுளிக்காமல், கூடுதல் கூலி கேட்காமல் மாற்றித் தந்தார்கள் என்றாலும், படத்தைப் பொறுத்தவரை இவர்களை நம்பி விட்டுவிட வேண்டாம். துறை தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பட்டறையின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த வேறொரு கல்லையும் சொல்லாமல் போக மனமில்லை. கடலுக்குப் போய்க் கரை திரும்பாத ஒரு மீனவருக்கு அவர் வீட்டார் கொடுத்திருந்தது. தோற்றம் என்று பிறந்த தேதி இருந்தது. மறைவு என்ற சொல்லும் இல்லை, தேதியும் இல்லை, அந்த இடம் மெருகு குலையாமல் வெற்றாக விடப்பட்டிருந்தது. உடல் கிடைக்காதவர்களுக்கு வீட்டார் வற்புறுத்தினால் ஒழியத் தேதி வெட்டுவதில்லை என்பது மேஸ்திரியின் வழக்கமாம். 1965, 1971 போர்களில் காணாமற்போனவர்களாக அரசு பட்டியலிட்ட 54 படையினரின் குடும்பங்கள் எப்படிப்பட்ட கல்லை வைத்திருக்க முடியும் என்று அப்போது தோன்றியது. எங்கள் கல்லில் அந்தச் சிக்கல் இல்லை. நால்வருக்கும் ஒரே தேதி.

குறைகள் உண்டு. சொன்ன நாளில் கல் வரவில்லை. மணல் வீசும் வேலை திறந்த கொட்டகையில் நடப்பதால் மழை பிடித்தால் எல்லாம் நின்றுவிடும், ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மழை எப்படி என்பது தெரிந்ததே. ரசீது கேட்டபோது முதலில் துண்டுச் சீட்டுதான் கிடைத்தது. சங்கக் கணக்குக்கு முறையான பில் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்க நிற வண்ணத்தை வலியப் பரிந்துரைக்கிறார்கள்; வெயில் படும் சுவரில் அது மங்கிவிடும் என்பதால் நாங்கள் வெள்ளை கேட்டு வாங்கினோம். சுவரில் பதிக்கும் வேலையை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. துருப்பிடிக்காத எஃகு ஆணிகளுக்கான துளைகளை மட்டும் கல்லின் நான்கு மூலைகளிலும் போட்டுத் தருகிறார்கள். கொத்தனாரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் சிமெண்ட் கலவையில் ஒட்டிவிட்டுப் போகும் கொத்தனாராக இருந்தால் கல்லின் எடைக்கு அது தாங்காது.

கூலி எழுத்துக் கணக்கில். கல்லுக்குத் தனி விலை. ஃபிளெக்ஸ் கடைகளைவிடக் கூடுதல்தான், புள்ளிகளைக் கையால் வெட்டும் உழைப்பைப் பார்த்தால் அது அதிகமில்லை. பாதி முன்பணம் கேட்பார்கள். அவசரமாக ஒரு திறப்பு விழாக் கல்வெட்டு வேண்டுவோர் இங்கே போக வேண்டியதில்லை. நினைவுக்கல் செய்ய நினைப்பவர்கள் பெயர், பதவி, தேதி ஆகியவற்றை அரசு ஆவணத்தோடு ஒப்பிட்டு அச்சிட்ட தாளைக் கொண்டு செல்லவும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தை வைத்து மேஸ்திரி வேலையைத் தொடங்குவதில்லை.