சிடிமேம் 3.4: கண் படிப்பதும் மென்பொருள் படிப்பதும்

டிஜிட்டல் மேமோகிராஃபி (மார்பக எக்ஸ்-ரே) கருவியின் படத் தரத்தை அளக்க சிடிமேம் 3.4 பேன்டமும் (சோதனைத் தகடு), அதன் படத்தைப் படிக்கும் சிடிகாம் மென்பொருளும் நல்ல ஜோடி. ஆனால் மென்பொருள் தரும் எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதினால், கருவி உள்ளதைவிட ஒரு படி உசத்தியாகத் தெரியும்.

பேன்டம் என்பது 0.5 மி.மீ. அலுமினியத் தகடு, அதில் 205 கட்டங்கள். தங்க வட்டுகளின் விட்டம் 0.06 முதல் 2 மி.மீ., தடிமன் 0.03 முதல் 2 மைக்ரான். கட்டத்தின் நடுவில் ஒரு வட்டு, நான்கு மூலைகளில் ஏதோ ஒன்றில் இன்னொன்று. எந்த மூலை என்று சொன்னால் போதும். குருட்டாம்போக்கில் சொன்னாலே 25 சதவீதம் சரியாகிவிடும், அதனால் 25க்கும் 100க்கும் நடுவே, 62.5 சதவீதம் சரியாக வரும் தடிமன்தான் வரம்பு. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மேலே 20, கீழே 20 மி.மீ. அக்ரிலிக் வைத்து எடுக்க வேண்டும். மென்பொருளுக்குக் குறைந்தது 8 படம், 16 இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு படத்துக்கும் பேன்டமைச் சற்றே நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால் சின்ன வட்டுகள் அதே பிக்சல்கள்மேல் அதே மாதிரி விழுந்து, ஒரே பிழை எட்டு முறை பதிவாகும். கருவி மெருகேற்றாத மூலப் படத்தை மட்டுமே, டைகாம் (மருத்துவப் படக் கோப்பு) வடிவில் கொடுக்க வேண்டும்.

கண்ணால் படிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சரியாகச் சொன்ன கட்டத்தையும், பக்கத்துக் கட்டங்களில் குறைந்தது இரண்டு சரியாக இருந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். அதைவிடப் பெரிய தொல்லை, பழகியவர்களுக்கு மூலைகள் மனப்பாடமாகிவிடுவது. கருவி மாறாமலே மதிப்பெண் ஏறும்!

மென்பொருளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நான்கு மூலைகளிலும் பிக்சல் மதிப்பைக் கூட்டி, சிக்னல் எங்கே மிகக் குறைவோ (தங்கம் எக்ஸ்-கதிரைத் தடுப்பதால்) அதைத் தேர்ந்தெடுக்கும். களைப்பு கிடையாது, நம் பார்வைக்குள்ளேயே இருக்கும் தடுமாற்றமும் கிடையாது. அதனால் கண்ணுக்குத் தட்டுப்படாத மெல்லிய வட்டையும் பிடித்துவிடும். ஐரோப்பிய வழிகாட்டியில் 0.1 மி.மீ. வட்டுக்கு ஏற்கத்தக்க வரம்பு 1.68 மைக்ரான், எட்ட வேண்டியது 1.10. இரண்டுமே மனிதப் பார்வைக்கான எண்கள். மென்பொருள் 1.10 காட்டினால் இலக்கை எட்டிவிட்டதாக அர்த்தமில்லை. மென்பொருள் எண்ணை மனிதப் பார்வை எண்ணாக மாற்றும், விட்டத்துக்கு ஏற்ற கணக்கைப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். போட்டால் எண் கூடும்.

இன்னொரு குறை பேன்டமிலேயே உள்ளது: பின்னணி வழவழவென்று சீராக இருக்கிறது. அதில் வட்டு பெரிதாக ஆக, மெல்லிய தங்கமும் தெரியும். நிஜ மார்பகத் திசுவின் பின்னணியில் கட்டியைத் தேடும்போது இது தலைகீழ். கட்டி பெரிதாக ஆக, தெரிவதற்குக் கூடுதல் கான்ட்ராஸ்ட் (பின்னணியிலிருந்து வேறுபாடு) வேண்டும் என்று பர்ஜெஸ் என்ற ஆய்வாளரின் குழு 2001இல் காட்டியது. ஆகவே 0.1, 0.25 மி.மீ. எண்களை நம்பலாம், 1 மி.மீ. எண்ணை வைத்துக் கட்டி தெரியுமா என்று முடிவு கட்ட முடியாது.

புதுக் கருவியை ஏற்கும்போதும் டிடெக்டரை (எக்ஸ்-கதிரைப் படமாக்கும் பகுதி) மாற்றிய பிறகும் இதை எடுப்பது அவசியம். வாராவாரம் எடுப்பது வீண். பேன்டமுக்குப் பேன்டம் வட்டுகளின் தடிமன் சற்று மாறும் என்பதால், வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த முறையும் அதே பேன்டமையே கேட்டு வாங்குங்கள்.