ஸ்டார் அனலைசர் 100: வுல்ஃப்–ராயே விண்மீன்களுக்குப் போதுமான கருவி

வடிகட்டியைப் போலக் கேமராவின் 1¼ அங்குல மரையில் திருகிப் பொருத்தும் ஸ்டார் அனலைசர் 100, மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட ஒரு விளிம்பு விளைவுக் கீற்றணி; விண்மீன் ஒளியை நிறமாலையாக, அதாவது நிறங்களாகப் பிரித்து விரித்துக் காட்டும். நெருங்கிய நிறங்களைப் பிரித்துக் காட்டும் பிரிதிறன் இதில் குறைவு என்பது உண்மைதான். சாதாரண விண்மீன்களின் மெல்லிய உட்கவர் (இருண்ட) கோடுகளை ஆராய்பவருக்கு இது போதாது. ஆனால் வுல்ஃப்–ராயே விண்மீன்களை அடையாளம் காண இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் மதிப்பீடு.

காரணம் அவ்விண்மீன்களின் இயல்பிலேயே இருக்கிறது. பெருநிறையுடன் பிறந்து, ஹைட்ரஜன் மேலுறையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட இவற்றிலிருந்து நொடிக்கு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் வாயு வீசுகிறது. அந்த வாயு ஒளிர்வதால் நிறமாலையில் பிரகாசமான கோடுகள் தோன்றுகின்றன. அதில் ஒரு பகுதி நம்மை நோக்கி வர, மறுபகுதி விலகிச் செல்ல, இயக்கத்தால் அலைநீளம் மாறும் டாப்ளர் விளைவு ஒவ்வொரு கோட்டையும் இருபுறமும் விரித்துவிடுகிறது. நொடிக்கு 2,000 கிலோமீட்டர் என்று கொண்டால், 580 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கார்பன் கோடு ஏறத்தாழ 8 நானோமீட்டர் அகலம் பெறும். இந்தக் கீற்றணியின் கண்ணுக்கு அதுவே தாராளம்.

அன்னம் விண்மீன் குழுவில் உள்ள டபிள்யூஆர் 140 என்ற வுல்ஃப்–ராயே விண்மீனைப் படமெடுத்தால் இது விளங்கும். சுற்றியுள்ள விண்மீன்கள் சீரான வண்ணக் கீற்றுகளாக நீள, இது மட்டும் நீலத்திலும் மஞ்சளிலும் தடித்த முடிச்சுகளுடன் தனித்து நிற்கிறது. 1867இல் பாரிஸ் வானாய்வகத்தில் வுல்ஃபும் ராயேயும் கண்டறிந்த இவ்வகையின் முதல் மூன்று விண்மீன்களும் இதே குழுவில், எட்டாம் ஒளிப்பொலிவெண்ணை (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) ஒட்டியே உள்ளன. 20 சென்டிமீட்டர் தொலைநோக்கிக்கு அவையும் எட்டும்.

குறைகளும் உண்டு. ஒரு விண்மீனின் ஒளியை மட்டும் உள்ளே விடும் குறுகிய பிளவு இதில் இல்லாததால், விண்மீன் நெரிசல் மிகுந்த அன்னத்தில் அண்டை விண்மீனின் கீற்று குறுக்கே விழும். கீற்றணியைச் சற்றுச் சுழற்றித்தான் விலக்க வேண்டும். கேமரா இன்றிக் கண்ணால் பார்த்தால் நிறமாலை நூல் போலத் தெரியும். அதை அகலப்படுத்த உருளை வில்லையைத் தனியாக வாங்க வேண்டும் (கேமராவே மேல்).

தென்வானின் காமா வெலோரம், இவ்வகையில் மிகப் பிரகாசமானது. அதைவிட ஒளி மிகுந்த துணை விண்மீன் உடனிருந்தும் அதன் கார்பன் கோடுகள் தெளிவாகவே பதிகின்றன. ஆனால் 78.5 நாளுக்கு ஒருமுறை அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றுவதால் கோடுகள் நகர்வதை அளக்க விரும்புவோர், பிளவுள்ள நிறமாலைமானியையே நாட வேண்டும்.