27,000 ரூபாய்க்கு ஒரு பழைய வீஜிஏ கார்ட்: வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பாருங்கள்

இருபத்தேழாயிரம் ரூபாய். முதலில் தொகையை எழுதிவிடுகிறேன், நாலு நாளாக மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது. அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் 2025இல் நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் சரியாக இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை. மழையில் கொழுந்து குறைந்து அரைப் பேர் போட்ட நாட்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தக் காசில் பாதி அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் கல்யாணம், சடங்கு, கோயில் தேர் என்று வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறவன். மெஷினில் ஓடுவது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ், எடிட் பண்ணுவது கெடென்லைவ் மென்பொருளில். விண்டோஸ் போட்டால் என்ன என்று கேட்காதீர்கள். திருட்டு விண்டோஸில் வைரஸ் புகுந்து ஒரு சடங்கு வீட்டு வீடியோ முழுக்கப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று பேச்சு வாங்கியவன் நான். லினக்ஸுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

பழைய ஐ5 மெஷின் ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் பண்ண ராத்திரி முழுக்க எடுக்கும். என்விடியா கம்பனியின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட் இருந்தால், அதிலுள்ள என்வென்க் என்ற வீடியோ என்கோடர் அந்த வேலையைச் செய்துவிடும். பழைய சாமான் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில் 4 ஜிபி கார்ட் 27,000க்குக் கிடந்தது. கண்டியில் ஒரு மாடிக் கடை. பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் கடிதம் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறான்.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் நல்ல மனுஷன் போலத்தான் தெரிந்தார். "ஹட்டனா தம்பி? எங்க அம்மாவும் தோட்டத்தில வேல செஞ்சவங்கதான்" என்றார். பையனை அனுப்பிப் பிளேன் டீ எடுப்பித்தார். கார்டைத் தன் மெஷினில் செருகி விண்டோஸில் திறந்து காட்டினார். திரையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று எழுத்துக்கு எழுத்து நின்றது. "நம்ம புள்ளைங்கள ஏமாத்தி நான் என்னத்த சம்பாதிக்கப் போறேன்?" அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். கார்டில் தனியாக ஆறு பின் பவர் வயர் செருக இடம் இருந்ததைக் கேட்டேன். "ஓவர்கிளாக் மாடல் தம்பி, பவர் கூட வேணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். டீயைக் குடித்துவிட்டு எண்ணிக் கொடுத்தேன். கையெழுத்து பில்லில் 'வீஜிஏ 1' என்று மட்டும் இருந்தது. அதையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி தொடங்கியது கூத்து. உபுண்டுவில் கூடுதல் டிரைவர் பக்கம் திறந்தால் ஒன்றும் காட்டவில்லை. சரி என்று என்விடியாவின் 550 வரிசை டிரைவரை நானே போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரை, மூலையில் ஒரு கோடு மினுங்குகிறது. எடுத்துவிட்டு 535 போட்டேன். அதேதான். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்தேன். உபுண்டுவையே புதிதாகப் போட்டேன், இரண்டு தடவை. மூன்று ராத்திரி.

கார்டை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை, லினக்ஸைத்தான் திட்டினேன். என்விடியாவும் லினக்ஸும் சேராது என்பது ஊரறிந்த பேச்சு. 2012இல் பின்லாந்தில் ஒரு மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தக் கம்பனிக்கு நடுவிரலைக் காட்டவில்லையா? கடைக்காரருக்கு அந்தப் பேச்சுதான் குடை. போன் பண்ணியதும் சொன்னார்: "லினக்ஸ்ல அப்படித்தான் தம்பி. விண்டோஸ் போடுங்க, ஜம்முன்னு ஓடும்." நானும் நம்பி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு வைத்தேன். மன்னிப்பு வேறு!

நாலாவது நாள் பதுளையில் இருக்கிற கூட்டாளி வாட்ஸ்அப்பில், "டேய், முதல்ல எல்எஸ்பிசிஐ அடிச்சு என்ன வருதுன்னு படம் அனுப்பு" என்றான். மெஷினில் செருகியிருக்கிற கார்டுகளைப் பட்டியல் போடும் லினக்ஸ் கட்டளை அது. அடித்தேன். ஒரு வரி. ஜிஎஃப்116 சிப், ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 550 டிஐ.

2011இல் வந்த கார்ட். 1050 டிஐ வந்தது 2016இல். பழைய கார்டுக்குள் இருக்கிற பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, விண்டோஸில் புதுப் பெயரும் பொய் மெமரியும் காட்ட வைப்பது உலகம் முழுக்க நடக்கிற பழைய திருட்டாம். லினக்ஸின் பதிவேடான கர்னல் லாக்கிலும் டிரைவர் தெளிவாகவே எழுதி வைத்திருந்தது: இந்தக் கார்டுக்கு 390 வரிசை டிரைவர்தான், நான் இதைத் தொடமாட்டேன் என்று. அந்த 390க்கான ஆதரவு 2022 கடைசியோடு முடிந்தது. 24.04இல் அது கிடையவே கிடையாது. பழைய 22.04 போட்டு ஓட்டினாலும் எனக்குப் பிரயோசனமில்லை, அந்தக் காலத்துச் சிப்பில் என்வென்க்கே இல்லை. மூன்று ராத்திரியும் லினக்ஸ் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பொய் சொன்னது கடைத் திரை.

கார்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேன் மேல் ஸ்டிக்கர் ஓரத்தில் நகத்தை வைத்ததும் உரிந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கரைப் பிய்த்த பழைய பசை, அதில் ஒட்டிய தூசி. பின்பக்கம் மொனிட்டர் செருக நீல வீஜிஏ ஓட்டை. அசல் 1050 டிஐ சிப்பில் வீஜிஏக்குத் தேவையான அனலொக் வெளியீடே கிடையாது! நம் ஊரில் எல்லாக் கிராபிக்ஸ் கார்டுக்கும் வீஜிஏ கார்ட் என்றுதானே பெயர், அதில் வீஜிஏ ஓட்டை இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

படங்களை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. போன் பண்ணினால், "முதலாளி கொழும்புக்குப் போயிட்டாரு." அடுத்த நாள், "நீங்க லினக்ஸ் போட்டு பயோஸ கெடுத்துட்டீங்க." திரும்பவும் பஸ் ஏறிப் போனேன். டீ கொண்டுவந்த அதே பையன் என்னைக் கண்டதும் உள்ளே போனான். கடைக்காரர் பில்லை வாங்கிப் பார்த்துச் சிரிக்காமல் கேட்டார்: "இதுல 1050ன்னு எங்க தம்பி இருக்கு?" 27,000 ரூபாய்க்கு வீஜிஏ 1 வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். விளம்பரத் தளத்துக்கு முறைப்பாடு அனுப்பினால், வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் பேசித் தீர்க்கும்படி தானியங்கிப் பதில் வந்தது. விளம்பரத்தையும் காணோம். நல்லவேளை ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். உபுண்டுவை பென்டிரைவில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், கடை மெஷினிலேயே பூட் பண்ணி எல்எஸ்பிசிஐ அடியுங்கள், விடமாட்டேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் ஜிபியூ-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், போலி என்றால் பெயருக்கு முன்னால் அதுவே ஃபேக் என்று போடும். 1050 டிஐயில் வீஜிஏ ஓட்டை இருந்தால் தொடவே வேண்டாம். பில்லில் மாடல் பெயரை முழுசாக எழுத வையுங்கள். இன்னொன்று, அசல் 1050 டிஐக்குமே 580 வரிசைதான் கடைசி டிரைவர், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், காசை மட்டும் கடைசியில் எடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாளைக் காலை கோல் எடுக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, கார்ட் நல்லா ஓடுதா என்று நேற்றும் கேட்டார். வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டார் வருகிறார்கள். பழைய ஐ5 ரெண்டர் பண்ணிக்கொண்டிருக்கிறது, இப்போது 14 சதவீதம்.